எதிரே வந்த லாரிகள்

தந்தி வந்த திங்கட்கிழமை ஆக்னஸ் முற்றத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தபால்காரரே பிரித்துப் படித்துச் சொன்னார். இஞ்ஞாசிக்கு மஞ்சள் காமாலை முற்றிவிட்டது, நிர்மலில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, உடனே ஆள் வரவும்.

நிர்மல் எங்கே இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவள் புருஷன் இஞ்ஞாசி ஏழு வருஷமாகத் தூத்துக்குடி உப்பை ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற லாரி டிரைவர். அவன் தகப்பன் தோணியில் கொழும்புக்குப் போய் வந்தவர். இவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை, அலையைக் கண்டாலே குமட்டும். ஒவ்வொரு நடை போய் வந்ததும் சோற்றைப் பிசைந்தபடியே ரோட்டைச் சொல்லுவான். மதுரையில் ஏறினால் காசி வரைக்கும் ஒரே ரோடு. திண்டுக்கல், கரூர், சேலம், தருமபுரி, பெங்களூர், அனந்தப்பூர், கர்னூல், ஹைதராபாத், நிர்மல், நாக்பூர். பிள்ளை இல்லாத வீட்டில் அந்த ஊர்ப்பேச்சுதான் கலகலப்பு.

"என்னையும் ஒரு தடவை கூட்டிட்டுப் போங்களேன்" என்பாள்.

"பொம்பளை உக்காருத இடமாளா அது? இடுப்பு ஒடிஞ்சிரும்" என்று சிரிப்பான்.

இப்போது அந்த இடத்தில்தான் ஏறி உட்கார்ந்தாள். ஏரல்காரர் செந்தூர்பாண்டி, இஞ்ஞாசியோடு ஒரே முதலாளியிடம் வண்டி ஓட்டுகிறவர். செவ்வாய்க்கிழமை விடியலில் அவருக்கு நிர்மலுக்கே உப்பு லோடு இருந்தது. "ரயில்ல போனா மூணு எடத்துல மாறணும், பாஷையும் தெரியாது. ஏறு தங்கச்சி, நான் கொண்டு சேக்கேன்" என்றார். அவள் வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டுப் பிலோமியிடம் கொடுத்தாள். அவனுக்கு இரண்டு சட்டை, ஜெபமாலை, உடன்குடிக் கருப்பட்டி, காமாலைக்கு மருந்தாக வேரோடு பிடுங்கிய ஒரு கட்டு கீழாநெல்லி. கீழாநெல்லியை ஈரத்துணியில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டாள். வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் அதற்குத் தண்ணீர் தெளித்தாள்.

அவன் சொன்ன ஊர்களெல்லாம் சொன்ன வரிசையிலேயே வந்தன. அவள் ஒன்றையும் கண் நிறையப் பார்க்கவில்லை. "இன்னும் எத்தனை ஊரு அண்ணாச்சி?" என்பதே பேச்சாக இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் கர்னூலில் மழை. ஆற்றில் வெள்ளம் என்று பாலத்தில் ஒரு பக்கத்து வண்டிகளை மட்டும் மாற்றி மாற்றி விட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றார்கள். எதிரே இருந்து லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் கடந்து போயின. சாரல் அடித்ததால் ஆக்னஸ் முந்தானையைத் தலையோடு இழுத்து மூடிக்கொண்டு ஜெபமாலை உருட்டினாள்.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினாள். கட்டில் காலியாக இருந்தது. நர்ஸம்மா மலையாளி, தமிழ் பேசினாள்.

"பயப்படாதே. ஆள் நேற்றுக் காலையே போய்விட்டார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும், என் வீட்டுக்காரி பார்த்துக்கொள்வாள் என்று அழுதார். தூத்துக்குடிக்குப் போகிற லாரி ஒன்றில் ஏற்றிவிட்டோம்."

செந்தூர்பாண்டி விரல் விட்டு நேரத்தை எண்ணினார். அவர் முகம் மாறியது.

"என்ன அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல தங்கச்சி."

"சொல்லுங்க."

"கர்னூலு பாலத்துல நின்னோம்லா... அந்நேரம் அவனும் அங்கனதான் வந்திருப்பான்."

ஆக்னஸ் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு தடவை முகத்தைத் தூக்கிப் பார்த்திருக்கலாமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பிறகு அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வண்டி ஏறிப் போனார் என்றால் தெம்பு இருக்கிறது என்றுதானே அர்த்தம்? வீடு போய்ச் சேர்ந்துவிடுவார். பிலோமி கஞ்சி வைத்துக் கொடுப்பாள்.

சனிக்கிழமை மத்தியானம் உப்பை இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். ஹைதராபாத் தாண்டியதும் அவளுக்குப் பேச்சு வந்தது. "ஒரு நாலு நாளு பொறுத்திருக்கக் கூடாதா? போயி வச்சுக்கிடுதேன் அவுகளுக்கு" என்றாள். செந்தூர்பாண்டியும் சிரித்தார். கீழாநெல்லிக்கு அப்போதும் தண்ணீர் தெளித்தபடிதான் வந்தாள்.

புதன்கிழமை காலை லாரி தெருமுனையில் நின்றது. பிலோமி ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். வாசலில் பெஞ்சுகள் கிடந்தன. ஆக்னஸுக்கு விளங்கிவிட்டது.

"எப்பம்?"

"திங்கக்கிழமை விடியக்காலம். ஞாயித்துக்கிழமைதான் வந்து சேந்தாவ. வண்டி நேரே வாசல்ல கொண்டாந்து விட்டுச்சு. எறங்கும்போதே நெனவு பாதி இல்ல. ஏ ஆக்னஸு, ஐஸ் பேக்டரியில கட்டி வாங்கி வச்சு ஒரு நாள் முழுக்க உனக்காகக் காத்துக் கெடந்தோம்ளா. தந்தி கொடுத்தோம். நீ எந்த ஊர்ல இருக்கேன்னு யாருக்குத் தெரியும்? நேத்து சாயங்காலம் எடுத்துட்டாவ."

"என்னைக் கேட்டாகளா?"

"கேட்டாவ. உங்களத் தேடித்தான் அவ போயிருக்கான்னு சொன்னேன். 'நான் கூட்டிட்டுப் போகணும்னு இருந்தேன். தெலுங்கு நாட்டுச் சோறு காரம், அவளுக்கு ஆகாது, பட்டினியாத்தான் வருவா'ன்னு அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாவ."

கல்லறைத் தோட்டத்தில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. சிலுவையில் பெயர்கூட எழுதியிருக்கவில்லை. ஆக்னஸ் அந்த மண்ணின்மேல் குப்புற விழுந்தாள். தூக்க வந்தவர்களைச் செந்தூர்பாண்டி கை காட்டித் தடுத்தார்.

வெயில் ஏறிய பிறகு அவளே எழுந்தாள். அவர் சுவரோரமாக நின்று துண்டால் வாயைப் பொத்தி அழுதுகொண்டிருந்தார்.

"நான் உன்னை ஏத்திட்டுப் போகாம இருந்தா, நீ இங்கன இருந்திருப்பியே தாயி. அவன் முகத்தையாவது பாத்திருப்பியே."

"நீங்க ஏத்தலன்னா நடந்தாவது போயிருப்பேன் அண்ணாச்சி. வீட்டுக்குப் போங்க. செண்பகம் மதினி வழி பாத்துக்கிட்டு இருப்பாவ."

அவர் தலையைக் குனிந்தபடி லாரியை எடுத்துக்கொண்டு ஏரலுக்குப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் ஆக்னஸ் பிலோமியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், அவரை எந்த இடத்தில் கிடத்தியிருந்தீர்கள் என்று. பிலோமி ஜன்னலோரத்தைக் காட்டினாள். அங்கே பாய்கூட விரிக்காமல் படுத்துக்கொண்டாள். வந்தவர்கள் வந்தார்கள், போனவர்கள் போனார்கள். அவள் யாருக்கும் எழுந்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில்தான் தானாக எழுந்து முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனாள்.