மாப்பிள்ளை கேட்டது வாளைப் பற்றி

முர்ஷிதுக்கு முன்னால் அகீலாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவீங்களா?

அகீலா கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதி என்ற பெரிய தெருவில் இருக்கும் ஒரு மருந்துக் கடையில் பார்மசிஸ்ட். அந்தக் கேள்விக்கு ஓம் என்றாலும் வந்தவர்களின் முகம் மாறும், யோசிக்கணும் என்றாலும் மாறும். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், ரோல்ஸும் வட்டிலப்பமும் பரிமாறி முடிந்து, பெரியவர்கள் "ரெண்டு பேரும் கொஞ்சம் பேசட்டும்" என்று பால்கனிக் கதவைத் திறந்துவிட்டபோது, அவள் பதிலை வாயில் தயாராக வைத்துக்கொண்டுதான் போனாள்.

முர்ஷித் நகரின் மறுமுனையில் உள்ள கிராண்ட்பாஸைச் சேர்ந்தவன். ஒருகொடவத்தையில் ஒரு கொள்கலன் தளத்தில் எந்த லொறி எப்போது உள்ளே வர வேண்டும், எப்போது வெளியே போக வேண்டும் என்று பார்க்கிற வேலை. நல்ல உயரம். பால்கனியின் தாழ்ந்த கூரைக்கு அஞ்சித் தலையைச் சற்றுத் தாழ்த்தியபடியே நின்றான். கீழே ரயில் ஒன்று கடலோரமாகத் தெகிவளைப் பக்கம் போனது. அந்தச் சத்தம் முழுதாக அடங்கும்வரை பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டான்.

"டீவிக்குக் கீழ ஈக்கிற பிளேஸ்டேஷன் யாருட?"

"நானாட. ஜவாத் நானா. அவர் மெல்பர்ன் போய்ட்டார்." அண்ணனுடையது என்பது உம்மா சொல்லிக் கொடுத்திருந்த பதில். வழக்கமாக அவள் அதோடு நிறுத்திக்கொள்வாள். அன்றைக்கு ஏனோ வாய் நிற்கவில்லை. "இப்ப நான்தான் விளையாடுற."

"என்ன கேம்?"

"சாம்பல் கோட்டை."

அதுவரை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவன் முழுதாக அவள் பக்கம் திரும்பினான். "அதில என்ன வாள் வெச்சீக்கிறீங்க?"

சாம்பல் கோட்டையில் ஓர் அழிந்த இராச்சியம். அதற்குள் தனியாக ஒரு போர்வீரன். வழியெல்லாம் பேய்ப்படை. கையில் எதை எடுத்துக்கொண்டு போவது என்பதுதான் அந்த விளையாட்டில் பாதி. இரண்டு கையாலும் தூக்குகிற பெரிய வாள்கள் உண்டு, ஆனால் தேர்ந்தவர்கள் ஒற்றைக் கை வாளைத்தான் எடுப்பார்கள். அப்போது இடக்கை சும்மா இருக்கும். அதில் வேறொன்றைப் பிடித்துக்கொள்ளலாம். இணையத்தில் யாரைக் கேட்டாலும் முதல் இடம் 'இரட்டைப் பிறை' என்ற வாளுக்குத்தான்.

"இரட்டைப் பிறை எண்டு மட்டும் சொல்லிடாதீங்க," என்றான் முர்ஷித்.

"சீ. அது எல்லாரும் வெச்சிக்கிறது. நான் உப்பு வாள்."

"உப்பு வாளா? அது தொடக்கத்துலயே அந்த ஒடஞ்ச தோணியில கெடக்குமே. நான் அத எடுத்த ஒடனே வித்துட்டேன்."

"அதுதான் நீங்க செஞ்ச பிழை."

அவன் சிரித்தான். "லிஸ்ட்ல அது கடைசி. வெட்டினா காயமே வராதே."

"காயம் கொஞ்சமாத்தான் வரும். ஆனா கை களைக்காது. வெட்டிட்டு ஒடனே பின்னுக்கு வந்திடலாம். மத்த வாளெல்லாம் வீசினா வீசினதுதான், அது திரும்பி வார வரைக்கும் எங்கட உயிர் எங்கட கையில இல்ல."

அவள் பேசி முடிக்கும்வரை அவன் குறுக்கிடவில்லை. முடித்த பிறகும் ஒரு மூச்சு விட்டுத்தான் தன்னுடையதைச் சொன்னான். அவன் வைத்திருப்பது 'அரசியின் மௌனம்'. கறுத்த, பாரமான வாள். மெதுவாகத்தான் ஓங்க முடியும். ஆனால் விழுந்தால் ஒரே வெட்டு. இடக்கையில் கேடயம்.

"நீங்களும் கேடயம்தானே?" என்று கேட்டான்.

"இல்ல. விளக்கு."

"சண்டை நேரத்துலயா?"

"கேடயம் புடிச்சா வார அடி மட்டும்தான் தெரியும். விளக்கு புடிச்சா அந்த எடமே தெரியும். அவ்வளவு கஷ்டப்பட்டுப் படமாக் கீறி வெச்சீக்கிறாங்க, பாக்காமப் போனா என்னத்துக்கு விளையாடுற?"

அவன் மறுபடி சிரித்தான், இந்த முறை சத்தமாக. அவளும் சிரித்தாள். பெண் பார்க்கும் நாளில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. வேலைக்குப் போவதைப் பற்றிய பதில் வாயிலேயே இருந்துவிட்டது. அதை அவன் கேட்கவே இல்லை.

ஆட்கள் போன பிறகு அகீலா ரோல்ஸ் தட்டுகளைக் கழுவிக்கொண்டே தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். வாப்பா ஸவாஹிர், "பொடியன் நல்ல அடக்கம்," என்றார். உம்மா பலீலா மட்டும் எழுந்துபோய்ப் பால்கனித் திரையை இழுத்து மூடினாள்.

அடுத்த வாரம், தரகு பேசிய ஜுமானா ராத்தாவுக்கு உம்மா போன் எடுப்பதை அகீலா கேட்டாள்.

"எங்களுக்கு எல்லாம் விருப்பம்தான் ராத்தா. ஆனா இஸ்திகாரா சரி வரல்ல."

அல்லாஹ்விடம் வழி கேட்டுத் தொழுகிற தொழுகை இஸ்திகாரா. அது சரி வரவில்லை என்று சொன்னால் அதற்கு மேல் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். யாருடைய மனமும் நோகாது. ஆனால் அந்த வீட்டில் அந்த வாரம் யாரும் இஸ்திகாரா தொழவில்லை என்பது அகீலாவுக்குத் தெரியும்.

"ஏன் உம்மா?"

"திரைக்குப் பின்னால நிண்டு நான் எல்லாம் கேட்டேன். வாளாம், வெட்டாம், ஒரே வெட்டாம். பொண்ணு பாக்க வந்த எடத்துல பேசுற பேச்சா அது?"

"அது கேம் உம்மா."

"ஷிப்லி மாமாட வீட்டுல ஈந்ததும் வெளையாட்டு வாள்தான்."

ஷிப்லி உம்மாவின் தம்பி. கொலன்னாவையில் வீடு. ஓமானில் வேலை செய்துவிட்டு வரும்போது சுவரில் மாட்டுகிற பித்தளை வாள் ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். பப்பாசிப்பழம்கூட வெட்டாத வாள். ஈஸ்டர் அன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த அந்த ஏப்ரலுக்குப் பிறகு முஸ்லிம்களின் வீடுகளில் வீடு வீடாகச் சோதனை நடந்தபோது, பொலிஸ்காரர்கள் அந்த வாளையும் கொண்டு போனார்கள், மாமாவையும் கொண்டு போனார்கள். மாமா திரும்பி வர மாதங்கள் ஆயின. வந்தவர் முன்பிருந்த மாமா இல்லை. கதவில் யாராவது தட்டினால் இன்றைக்கும் எழுந்து உள் அறைக்குப் போய்விடுவார். அந்த நாட்களில் உம்மா சமையலறையில் இருந்த பெரிய இறைச்சிக் கத்தியைக்கூடப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுபோய்க் கடலில் எறிந்தாள்.

"யாராவது கேட்டா, அது வெளையாட்டு எண்டு யாருக்கு வெளங்கப்படுத்துற?" என்றாள் உம்மா. அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அகீலா சண்டை போட்டிருப்பாள்.

அவனுடைய தொலைபேசி எண் அவளிடம் இல்லை. வாங்கவும் வழியில்லை. ஜுமானா ராத்தாவிடம் கேட்டால் அது ஊர் முழுக்கப் போகும். அவனிடமும் தன்னுடையது இல்லை என்று நினைத்துக்கொள்வதில் ஒரு ஆறுதல் இருந்தது. இருந்திருந்தால் அழைத்திருப்பான் என்று நம்பலாம் அல்லவா.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில்தான் அவள் உப்பு வாளைக் கீழே வைத்தாள். கடையிலிருந்து வந்து, மஃரிப் தொழுதுவிட்டு, காதில் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். அரசியின் மௌனம் இலகுவில் கிடைக்கிற வாள் அல்ல. இடிந்த அரண்மனையின் மேல் மாடியில், மூன்று காவலர்களைத் தாண்டிப் போக வேண்டும். எத்தனையோ தரம் செத்து, ஒருவழியாக எடுத்தாள். எடுத்த பிறகும் சாவு நிற்கவில்லை. உப்பு வாளுக்குப் பழகிய கை அவசரப்பட்டது. அவள் ஓங்குவாள். ஓங்கிய வாள் இறங்குமுன் எதிரி அவளை முடித்துவிடுவான்.

மெல்ல மெல்லத்தான் பிடிபட்டது. அந்த வாளுக்குப் பொறுமை வேண்டும். எதிரி தன் ஆட்டம் முழுவதையும் ஆடி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். அவன் மூச்சு வாங்குகிற அந்த ஒரு இடைவெளியில்தான் ஓங்க வேண்டும். முதல் தடவை அது சரியாக விழுந்தபோது அவள் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு அப்படியே இருந்தாள். ரயில் சத்தம் அடங்கும்வரை பேசாமல் நின்ற ஒருவன் நினைவுக்கு வந்தான். இவ்வளவு பொறுமையுள்ள ஒருவனோடு ஒரு வீட்டில் இருந்தால் எப்படி இருக்கும்? அவன் லொறிகளைப் பற்றி அலுத்துக்கொள்வான். அவள் மருந்துச் சீட்டுகளில் கிறுக்கியிருக்கும் எழுத்துகளைப் பற்றி அலுத்துக்கொள்வாள். பிறகு இரண்டு பேரும் ஒரே சோபாவில் இருந்து யாருடைய வாள் நல்லது என்று சண்டை பிடிப்பார்கள். நடந்து முடிந்ததை நினைத்து ஏங்குகிறவர்களுக்குக் கையில் ஏதாவது இருக்கும். நடக்காத ஒன்றுக்காக இப்படி நெஞ்சு வலிக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

மழைக்காலம் தொடங்கிய ஒரு மத்தியானம், கடைக் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றவரை நிமிர்ந்து பார்த்தாள். முர்ஷித். தோளெல்லாம் நனைந்திருந்தது.

"ஒரு கார்ட் பெனடோல்," என்றான்.

கிராண்ட்பாஸிலிருந்து யாரும் ஓர் அட்டை தலைவலி மாத்திரை வாங்க வெள்ளவத்தைக்கு வருவதில்லை. அகீலா அதை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தாள்.

"ஒண்டு சொல்லணும் எண்டு ஈந்திச்சி," என்றான். "நீங்க சொன்ன மாதிரி கேடயத்தை வெச்சிட்டு விளக்கை எடுத்துப் பாத்தேன். அந்த ரெண்டாவது குகை ஈக்கே, அதுட செவரெல்லாம் படம். மீன், தோணி, புள்ளைகள்ட கை அடையாளம். எத்தன தரம் அதுக்குள்ளால ஓடி ஈப்பேன். ஒண்டும் கண்டதில்ல."

"மேல பாத்தீங்களா? கூரையில நட்சத்திரமும் ஈக்கி."

"அது பாக்கல்ல."

அவன் பெனடோலைச் சட்டைப் பையில் வைத்தான். ஆனாலும் போகவில்லை. "இஸ்திகாரா சரி வரல்ல எண்டாங்க. எனக்கு மிச்சம் கவலை. ஆனா அல்லாஹ் வேணாம் எண்டு காட்டின பிறகு நாங்க என்ன செய்ய ஏலும்?"

உண்மையைச் சொல்லாமல் விட்டால் அவன் நிம்மதியாகப் போவான். ஆனால் அல்லாஹ் சொல்லாத ஒன்றை அல்லாஹ் சொன்னதாக அவன் வாழ்நாள் முழுக்க நம்பிக்கொண்டிருப்பதை அவளால் தாங்க முடியவில்லை.

"எங்கட வீட்டுல யாரும் தொழல்ல," என்றாள். "நாங்க வாளைப் பத்திப் பேசினதை உம்மா கேட்டுட்டாங்க. எங்கட மாமா ஒராளை அந்த வருஷம் கொண்டு போனாங்க, வீட்டுல ஈந்த ஒரு வாளால. உம்மா பயந்துட்டாங்க. அவ்வளவுதான்."

அவன் எப்போதும் போல, கேட்டது முழுவதும் உள்ளே இறங்கும்வரை பொறுத்தான்.

"எனக்குப் பேசி முடிச்சிட்டாங்க," என்றான் கடைசியில். "தெமட்டகொடையில. வார மாசம் நிக்காஹ். அல்லாஹ்ட முடிவு எண்டு நெனச்சுத்தான் நான் ஓம் எண்டேன்."

"அந்தப் புள்ளைக்கு இதெல்லாம் தெரியுமா?"

"தெரியா. அது நல்ல புள்ள."

"அப்ப அப்படியே ஈக்கட்டும்," என்றாள் அகீலா. அவனுடைய வாள்தான் இப்போது தன்னிடம் இருக்கிறது என்பதை அவள் சொல்லவில்லை. இன்னொரு வீட்டில் ஒரு பெண் மருதாணிக்கு நாள் பார்த்துக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பில் அதை விழுங்கிக்கொண்டாள்.

"மிஸ், மேக்க தியெனவாத?" என்று சிங்களத்தில் கேட்டபடி முதியவர் ஒருவர் நனைந்த மருந்துச் சீட்டை நீட்டினார். அவள் அதை வாங்கி, இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு நிமிர்ந்தபோது முர்ஷித் வாசலில் குடையில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தான்.

அன்று வீட்டுக்குப் போய் உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பலீலா சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். "நான் ஜுமானா ராத்தாவோட பேசட்டா? இன்னும் நிக்காஹ் நடக்கல்லயே?"

"வேணாம் உம்மா. அங்கயும் ஒரு புள்ள ஈக்குது. ஆனா இனி யாருக்கும் வேணாம் எண்டு சொல்லணும் எண்டா உள்ளதைச் சொல்லுங்க. பயமா ஈந்தா பயம் எண்டு சொல்லுங்க. அல்லாஹ்ட பேரைச் சொல்லாதீங்க."

உம்மா அழுதாள். தம்பியை நினைத்து அழுதாளா, மகளை நினைத்து அழுதாளா என்று அகீலா கேட்கவில்லை. பக்கத்தில் போய் இருந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து உம்மாவே முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அதைப் போடு, பாப்பம்," என்றாள். அகீலா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, சத்தத்தோடேயே விளையாட்டைப் போட்டாள். முதல் பேய் எழுந்து வந்ததும் உம்மா அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியில் அகீலாவின் வீரன் செத்தே போனான். அதற்கு இரண்டு பேரும் சிரித்தார்கள்.

நிக்காஹ் சொன்னபடி அடுத்த மாதம் நடந்தது. ஜுமானா ராத்தா வேறு இடங்களைப் பற்றிப் பேசினாள். கொஞ்சக் காலம் போகட்டும் என்றாள் அகீலா. உம்மா வற்புறுத்தவில்லை. கடையில் வேலை வழக்கம் போலத்தான் நடக்கிறது. மழை நாட்களில் மட்டும், வாசலில் உயரமான யாராவது வந்து நின்றால், சீட்டை வாசித்துக்கொண்டிருப்பவள் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். வேறு யாராவதாக இருக்கும்.

"சொல்லுங்க," என்பாள்.