வெள்ளைமேல் வெள்ளை

பீளமேட்டில், கல்லூரிப் பிள்ளைகள் நோட்ஸ் ஜெராக்ஸ் எடுக்கும் கடைக்கு மாடியில் கௌதமன் ஒரு வெப் டிசைன் ஆபீஸ் நடத்திவந்தான். பம்ப் செட் செய்கிறவர்களும் கிரைண்டர் செய்கிறவர்களும் விசிட்டிங் கார்டில் இணைய முகவரி போட்டுக்கொள்ள ஆசைப்படத் தொடங்கியிருந்த காலம் அது. தொண்ணூற்றெட்டில், கம்ப்யூட்டர் சயன்ஸ் முடித்த கையோடு யாஸ்மின் அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். ஆள் பிடிப்பது கௌதமன், பக்கம் செய்வது அவள்.

பக்கம் செய்து கொடுத்தாலும் வாடிக்கையாளர்களுக்குத் திருப்தியில்லை. செலவு பண்ணிப் போட்டோமே, யாராவது வந்து பார்த்தார்களா என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். அதனால் கௌதமன் புதிதாக ஒரு வாக்குக் கொடுக்கத் தொடங்கினான். அல்டாவிஸ்டா தேடுபொறியில் தேடினால் உங்கள் பெயர்தான் முதல் பக்கத்தில் வரும் என்றான். வாக்கு அவனுடையது, காப்பாற்ற வேண்டியவள் யாஸ்மின்.

அவள் சீக்கிரமே வழியைக் கண்டுபிடித்தாள். அந்நாளைய தேடுபொறிகளுக்கு எழுத்தை எண்ணத் தெரியுமே தவிர, அர்த்தம் தெரியாது. ஒரு சொல் ஒரு பக்கத்தில் அதிகம் வந்தால், அந்தப் பக்கம் அந்தச் சொல்லுக்கானது என்று நம்பிவிடும். அதே சொல்லை நூறு தடவை எழுதினால் படிக்கிறவன் சிரிப்பான். அதனால் வெள்ளைத் தாள் போன்ற பக்கத்தின் அடியில் வெள்ளை எழுத்திலேயே எழுதிவிட வேண்டும். மனுஷக் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, இயந்திரம் மட்டும் படித்துக்கொள்ளும். முதல் தடவை ஒரு கிரைண்டர் கம்பெனி நாலாவது இடத்துக்கு ஏறியபோது யாஸ்மினுக்குப் பரீட்சையில் முதலாவதாக வந்த மாதிரி இருந்தது.

கோபிசெட்டிபாளையத்து அரங்கசாமி வைத்தியர் வந்தது அதற்குப் பிறகு. மூலிகை எண்ணெயைச் சூடாக ஊற்றி உடம்பைப் பிடித்துவிடும் பிழிச்சல் வைத்தியம் செய்கிறவர். தென்னந்தோப்புக்குள் ஏழெட்டு அறை கட்டி, வெளியூர்க்காரர்களைத் தங்கவைத்துப் பார்ப்பார். என்ன எழுதலாம் என்று யாஸ்மின் கேட்டபோது, முட்டிவலி, இடுப்புவலி, கழுத்துப் பிடிப்பு, இதற்குமேல் எதையும் போட்டுவிட வேண்டாம் என்று அவர் தெளிவாகச் சொன்னார்.

அவர் சொன்னபடியே எழுதினாள். ஆனால் பக்கம் மேலே வரவில்லை. முட்டிவலிக்கும் இடுப்புவலிக்கும் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பக்கங்கள் இருந்தன. கௌதமன் தினமும் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தான். கடைசியில் அவளுக்கு ஒன்று தோன்றியது. பலரும் தேடும் சொல்லில் போட்டி அதிகம், சிலரே தேடும் சொல்லில் போட்டி இல்லை. மருத்துவக் கல்லூரியில் படிக்கும் ஒரு தோழியிடம் மருத்துவ அகராதி வாங்கி, நரம்பு, தசை, எலும்பு என்று எதில் வருகிற நோயானாலும் அதன் பெயரைப் பக்கத்தின் அடியில் வெள்ளையில் அடித்துவிட்டாள். பாதிப் பெயர்களை அவளால் உச்சரிக்கக்கூட முடியவில்லை.

சில வாரங்களில் வைத்தியசாலைப் பக்கம் பல பெயர்களுக்கு முதலாவதாக வந்து நின்றது. கௌதமன் ஆபீஸ் முழுக்க மைசூர்பாகு கொடுத்தான். வரும் மின்னஞ்சல்களுக்கு அனுப்ப அவளே ஒரு பதில் எழுதிவைத்தாள். நேரில் வாருங்கள், வைத்தியர் பார்த்து ஆவன செய்வார் என்பது அதன் சாரம். யார் என்ன கேட்டாலும் அந்த ஒரே பதில்தான் போகும். வைத்தியரிடம் கம்ப்யூட்டர் கிடையாது, மின்னஞ்சலெல்லாம் ஆபீசுக்குத்தான் வரும்.

மறு வருடம் ஒரு காலையில் வைத்தியர் ஆபீசுக்கு ஃபோன் செய்தார்.

"ஏனுங்க அம்மணி, மலேசியாவுல இருந்து ஒரு அம்மா புள்ளையக் கூட்டிக்கிட்டு வந்திருக்குதுங்க. புள்ளைக்குச் சதையெல்லாம் கரையற சீக்கு. நம்மகிட்ட மருந்து இருக்குதுன்னு எங்காச்சும் எழுதியிருக்கறமுங்களா?"

அகராதி பார்த்து அடித்த பெயர்கள் யாஸ்மினுக்கு நினைவுக்கு வந்தன. இல்லைங்க என்று சொல்லிவிட்டாள். அப்படியானால் பக்கத்தைக் கொண்டுவந்து அந்த அம்மாளிடம் நேரில் காட்டச் சொன்னார் வைத்தியர். கௌதமன் பக்கத்தை அச்செடுத்து அவள் கையில் கொடுத்துப் பஸ் ஏற்றிவிட்டான். காகிதத்தில் வெள்ளை எழுத்து விழாது என்பது இருவருக்கும் தெரியும். அதை இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அந்த அம்மாள் பெயர் சாஜிதா பேகம். ஈப்போவில் பள்ளிக்கூட ஆசிரியை. பெண் ரம்ஷாவுக்குப் பதினொரு வயது. நாற்காலியிலிருந்து எழ, முதலில் கைகளைத் தொடையில் ஊன்றி, தன் உடம்பைத் தானே ஏணியாக்கி ஏறுகிற மாதிரி எழுந்தாள். எழுந்து, யாரும் கேட்காமலே யாஸ்மினுக்கு ஸலாம் சொன்னாள்.

வைத்தியர் காகிதத்தை வாங்கி சாஜிதாவிடம் கொடுத்தார். அவள் மேலிருந்து கீழ்வரை படித்தாள். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள்.

"நோய்ப் பேரைப் போட்டுத் தேடினப்ப இதுதான் முதல்ல வந்துச்சு. உலகத்துலயே முதல்ல வருதேன்னு நினைச்சேன். நான்தான் சரியாப் படிக்கல போல. உங்களுக்குச் சிரமம் கொடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்க ஐயா," என்றாள்.

வைத்தியர் பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். யாஸ்மின் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். அப்போது வாயைத் திறந்திருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். அதைச் சொல்லாமல் துப்பட்டா முனையைத் தான் விரலில் சுற்றிக்கொண்டு நின்றதைப் பிற்பாடு அவளால் மறக்க முடிந்ததில்லை.

ஊர் திரும்ப அவர்களுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. கோவையில் நல்ல நரம்பு டாக்டர் ஒருவரிடமாவது காட்டிவிட்டுப் போகட்டும் என்றார் வைத்தியர். பிறகு யாஸ்மினிடம், "அவங்க சனம் ஒருத்தரும் இங்க இல்லைங்கறாங்க. உங்க ஊட்டுல நாலு நாளைக்கு வெச்சுக்குவீங்களா கண்ணு?" என்று கேட்டார். மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு என்ன முகம் இருந்தது?

உக்கடத்தில், குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் யாஸ்மினின் வீடு. அவள் அத்தா அப்துல் முத்தலிப் பாத்திரக் கடை வைத்திருந்தார். வந்தவர்களுக்கு வீட்டில் முன் அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். மாடிப்படி ஏற வேண்டாமே என்று அம்மா ரம்ஷாவுக்குக் கீழேயே படுக்கை போட்டாள். இரண்டாம் நாளே அம்மாவும் சாஜிதாவும் கூடப் பிறந்தவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். சாஜிதா ஈப்போ முறையில் கறி வைத்தாள். உங்கள் மகளைப் போல ஒரு பிள்ளை கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும், முன்பின் தெரியாத எங்களைக் கூட்டிவந்து வைத்திருக்கிறாளே என்று அவள் சொல்லச் சொல்ல, யாஸ்மினுக்குச் சோறு இறங்கவில்லை.

டாக்டர் பொறுமையாகப் பார்த்தார். ஈப்போவில் சொன்னதையே சொன்னார். மருந்து இல்லை, பயிற்சிகள் உண்டு, மனசைத் தளரவிடாதீர்கள் என்றார். திரும்பி வரும்போது ஆட்டோவில் ரம்ஷா மட்டும்தான் பேசிக்கொண்டு வந்தாள். அக்காவின் ஆபீசைப் பார்க்க வேண்டும், எங்கள் பள்ளியில் கம்ப்யூட்டரைத் தொட வரிசையில் நிற்க வேண்டும் என்றாள். குழந்தை வாய்விட்டுக் கேட்ட ஒன்றை யாஸ்மினால் தட்ட முடியவில்லை.

ஆபீஸ் மாடிக்கு அவளைத் தூக்கிக்கொண்டுதான் போனாள். எடை அவ்வளவாக இல்லை. கௌதமன் வெளியே போயிருந்தான். தன் நாற்காலியில் உட்காரவைத்து, எதைப் பார்க்கிறாய் என்றாள். நாங்கள் வந்த பக்கத்தையே காட்டுங்கள் என்றாள் ரம்ஷா. மறுக்க ஒரு காரணம் தேடுவதற்குள் சாஜிதாவும் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மோடம் கீச்சிட்டு ஓய்ந்தது. தென்னந்தோப்புப் படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

ரம்ஷாவுக்கு விரலில் பலம் குறைவு. மவுஸை அழுத்தினால் விட மறந்துவிடுவாள். அழுத்தியபடியே பக்கத்தின் அடிவரை இழுத்துக்கொண்டு போனாள். இழுத்த இடமெல்லாம் நீலமாகியது. அந்த நீலத்தில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாகத் தெரிந்தன.

"அக்கா, இங்க எழுத்து இருக்கு," என்றாள் குழந்தை. பாடப் புத்தகம் வாசிப்பதுபோல் ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டி வந்தாள். மூன்றாவது வரியில் நின்று, "மஸ்குலர் டிஸ்ட்ரஃபி. அம்மா, என் பேர் இருக்கு," என்றாள். தன் நோயை அவள் அப்படித்தான் சொல்வாள் போலிருக்கிறது.

சாஜிதா திரையைப் பார்த்தாள். யாஸ்மினைப் பார்த்தாள். கெட்டிக்காரி, பார்த்த உடனே புரிந்துகொண்டாள்.

"இதை யாரு எழுதினது?"

"நான்தானுங்க அக்கா."

"எதுக்கு?"

முதலில் வருவதற்கு என்று சொன்னாள் யாஸ்மின். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னக் காரணம் என்று அவளுக்குத் தெரிந்தது. யாரும் தேடி வந்துவிடுவார்கள் என்று நினைக்கவே இல்லை, அவை வெறும் எழுத்துகள் என்றுதான் நினைத்தேன் என்று ஏதேதோ சொல்லி அழுதாள். சாஜிதா குறுக்கிடாமல் கேட்டாள்.

"அந்தப் பெரியவர்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டப்ப நீ பக்கத்துலதான் நின்னுக்கிட்டு இருந்த," என்று மட்டும் சொன்னாள்.

அன்று வீட்டுக்குப் போனதும் அவர்கள் ஏதாவது லாட்ஜ் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று யாஸ்மின் நினைத்தாள். சாஜிதா போகவில்லை. யாஸ்மினின் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. அடுப்படியில் வழக்கம்போல வெங்காயம் உரித்துக் கொடுத்தாள், அத்தாவிடம் ஈப்போவின் கடைவீதியைப் பற்றிப் பேசினாள். யாஸ்மின் அறைக்குள் வந்தால் மட்டும் பேச்சு நின்றுவிடும். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது யாஸ்மினுக்கு.

அவர்கள் கோவை எக்ஸ்பிரஸில் சென்னைக்குக் கிளம்பினார்கள். ஸ்டேஷனுக்கு அவள்தான் கூடப்போனாள். பெட்டியில் ரம்ஷாவை உட்காரவைத்துவிட்டு, கீழே இறங்கும் முன் மன்னிப்புக் கேட்டாள். சாஜிதா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"வர்ற வழியெல்லாம் இவகிட்ட, திரும்பிப் போறப்ப நீயே ஓடிப்போய் ரயில் ஏறுவன்னு சொல்லிக்கிட்டு வந்தேம்மா. அதை நான் எப்படித் திருப்பி எடுத்துக்கறது, நீயே சொல்லு," என்றாள். குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

ரயில் நகர்ந்தபோது ரம்ஷா கையாட்டினாள். கை தோளுக்குமேல் எழவில்லை.

மறுநாளே யாஸ்மின் வெள்ளை எழுத்துகள் அத்தனையையும் அழித்தாள். கௌதமனிடம் சொல்லிவிட்டுத்தான் அழித்தாள். ஊரில் எல்லாரும் செய்வதுதானே, நாம் யாரையும் கையைப் பிடித்து இழுத்துவரவில்லையே என்றான் அவன். அவன் கெட்டவன் இல்லை. ஒரு மாதத்துக்கு முன் கேட்டிருந்தால் அவளும் அதையேதான் சொல்லியிருப்பாள். பிறகு கோபிக்குப் போய் வைத்தியரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.  அந்தப் பக்கமே வேண்டாம், எடுத்துப்போடுங்க அம்மணி என்றார். காப்பி சாப்பிட்டுப் போகச் சொல்லும் மனுஷர், அன்று சொல்லவில்லை.

பக்கத்தையும் எடுத்தாள். ஆனாலும் தேடினால் அது வந்துகொண்டே இருந்தது. தேடுபொறி எப்போதோ படித்து வைத்துக்கொண்டதை அவ்வளவு சுலபத்தில் மறக்கவில்லை. முதலிடத்துக்கு ஏற்ற அவளுக்குத் தெரிந்திருந்தது, இறக்கத் தெரியவில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் ரம்ஷாவின் நோய்ப் பெயரை அடித்துப் பார்ப்பாள். மாதக்கணக்கில் தென்னந்தோப்பு வைத்தியசாலையின் பெயரே உச்சியில் நின்றது. சாஜிதாவுக்கு அவள் எழுதிய மின்னஞ்சல்களுக்குப் பதில் வரவில்லை.

விசாரித்து மற்றவர்கள் எழுதுவதும் நிற்கவில்லை. பழைய பதிலை அவள் தூக்கி எறிந்துவிட்டிருந்தாள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, இந்த நோய்க்கு இங்கே மருந்து இல்லை, தயவுசெய்து வராதீர்கள், தவறு எங்களுடையது என்று எழுதினாள். பெரும்பாலோர் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். கொழும்பிலிருந்து ஒருவர் மட்டும், மகனுக்காக எழுதியவர், திரும்ப எழுதினார். உண்மையைச் சொன்னதற்கு நன்றி, அப்படியானால் மருந்து எங்கே இருக்கிறது என்று நீங்களாவது சொல்வீர்களா என்று கேட்டிருந்தார்.

கீழே ஜெராக்ஸ் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. யாஸ்மின் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு, எனக்குத் தெரியவில்லைங்க ஐயா என்று அடித்தாள். அதற்குமேல் என்ன எழுதுவதென்று தெரியாமல், அதை மட்டும் அனுப்பினாள்.