ஜில் வெதர்பியின் முதல் பாட்டு

லண்டனிலிருந்து மின்னஞ்சல் வந்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாடகி ஜில் வெதர்பி பேர் வாங்குவதற்கு முன்னால் பாடியதையெல்லாம் ஒருவர் திரட்டுகிறாராம். 1986 கிறிஸ்துமஸுக்குத் திண்டுக்கல்லில் அவள் கிடாரோடு பாடியதை நான் கேசட்டில் பதிந்தேனே, அது இருக்கிறதா? சனிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

இருக்கிறதாவா! அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. கன்னியர் பள்ளியில் ஆறு மாதம் ஆங்கிலம் சொல்லித்தர வந்திருந்தாள். அவளை முதலில் பதிந்தவன் நான்தான் என்று நான் பீற்றிக்கொள்ளாத கல்யாண வீடு இல்லை. ஞானராஜ் ரீல் விடுகிறான் என்று சிரிக்காத ஆளும் இல்லை. இப்போது சிரிக்கட்டும் பார்ப்போம்.

என் மனைவி அமலராணிதான் பிடிகொடுக்கவே இல்லை.

"அதெல்லாம் எப்பவோ போயிருச்சு. இல்லேன்னு எழுதிப் போடுங்க."

"எங்க போகும்? காலு மொளச்சு நடந்தா போச்சு?"

பரணையும் மகள் ரீனாவின் பழைய புத்தக மூட்டைகளையும் கவிழ்த்தேன். சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை அமலராணி காலைப் பூசைக்குப் போனதும் அவளுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். கல்யாணச் சேலைக்கு அடியில், என் கையெழுத்தில் 'ஜில், 1986'. ஒளித்து வைத்துக்கொண்டு இல்லை என்றிருக்கிறாள்!

யாரும் அழித்துவிடக் கூடாதென்று கேசட்டின் விளிம்பிலிருந்த இரண்டு பிளாஸ்டிக் பற்களையும் அன்றைக்கே உடைத்திருந்தேன். அந்த ஓட்டைகளின் மேல் செல்லோ டேப் ஒட்டியிருந்தது. மறுபடி பதிவதற்குத்தான் அப்படி ஒட்டுவார்கள். நூர் அகமது கடையில் இரவல் வாங்கிய டேப்ரிக்கார்டரில் போட்டேன்.

"என்னங்க, நல்லா இருக்கீகளா?"

அமலராணி. இருபத்திரண்டு வயது அமலி.

1988இல், கல்யாணமான இரண்டாம் மாதமே நான் மஸ்கட் போய்விட்டேன். அப்போதெல்லாம் வீட்டில் கேசட்டில் பேசி, லீவு முடிந்து திரும்புகிறவர் கையில் கொடுத்துவிடுவார்கள். அதற்கு என் கேசட்தானா கிடைத்தது? வரட்டும், இன்றைக்கு இருக்கிறது என்று பல்லைக் கடித்தேன்.

"இஷாக் அண்ணே அடுத்த வாரம் அங்க வாராக. அவுககிட்ட இதைக் குடுத்து விடுறேன். கடுதாசில எழுத வெக்கமா இருக்கு. எனக்கு மூணு மாசம்ங்க. நீங்க லீவுல வாரப்ப வாசல்ல ரெண்டு பேரா நிப்போம்."

அதற்குப் பின்னால் ஜில்லின் கடைசி நாலு வரியும் கைதட்டலும் மட்டும் மிச்சமிருந்தன. அவை என் காதில் ஏறவில்லை. ரீனா பிறந்தது 1993இல். அவள்தான் எங்கள் தலைப்பிள்ளை என்று இத்தனை வருஷமாகச் சொல்லி வந்தவன் நான்.

பூசை முடிந்து வந்த அமலி முக்காட்டோடு நிலைப்படியில் நின்றிருந்தாள்.

"இஷாக் அண்ணே கெளம்புறதுக்கு முந்துன நாளு கலஞ்சிருச்சு. பெறகு எப்புடிக் குடுத்து விட? அழிக்கவும் மனசு வரல."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"அம்புட்டுத் தூரத்துல இருந்துக்கிட்டு நீங்க என்ன செய்வீக?"

அப்படியே தரையில் உட்கார்ந்து லண்டன்காரருக்கு எழுதினேன்: 'கேசட் கிடைத்தது. அது எனக்கு வந்த கடிதம். தருவதற்கில்லை.'

"கடைசில அந்தப் புள்ள பாட்டு செத்த நேரம் இருக்குல்ல, அதையாச்சும் அனுப்புங்க. ஊரு சிரிக்குதே."

"சிரிச்சுட்டுப் போகுது."

பின்னுக்குச் சுற்றி மறுபடி போட்டேன்.

"என்னங்க, நல்லா இருக்கீகளா?"

"நல்லா இருக்கேன். நீ எப்புடி இருக்க, அமலி?" என்றேன்.

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முப்பத்தேழு வருஷம் கழித்து அழுதாள்.