சாக மறுக்கும் மச்சான்

1

இந்தக் கதை எனக்குச் சாப்பாட்டு மேசையில் கிடைத்தது. என் மனைவியின் அண்ணன், போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர், உப்பில்லாத குழம்பை முறைத்துக்கொண்டிருந்தார். ஆகா, சோகக் கதை என்று எனக்கு எச்சில் ஊறியது.

முதல் தொடக்கம்: ‘அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் மௌனமாக அழுத—’ (வேண்டாம். சிறுநீரகம் அழாது.)

2

நடந்ததையே சொல்கிறேன். காலையில் எழும்போது மச்சானின் முகம் உப்பியிருந்தது. “நல்லா பூசின மாதிரி இருக்கீங்க” என்று உறவினர்கள் மகிழ்ந்தார்கள். சிறுநீர் நுரைத்தது, கழிப்பறை கழுவும் பொடிமேல் பழி போட்டார். செருப்புக்குள் கால் நுழையாதபோதுதான் மருத்துவரிடம் போனார்.

சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகி, ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகுகிறது, வீக்கம் அதனால்தான் என்றார் மருத்துவர். ஊசியால் துளி சதை எடுத்துச் சோதித்துவிட்டு ஸ்டீராய்டு கொடுத்தார். நீர் பிரிய ஒரு மாத்திரை. உப்புக்குத் தடை.

(அடிக்குறிப்பு: நோயின் பெயர் நெஃப்ரோடிக் சிண்ட்ரோம். குடும்பத்தில் யார் வாயிலும் நுழையவில்லை. ஆலோசனை மட்டும் எல்லார் வாயிலிருந்தும் வந்தது.)

3

வீக்கம் வடிந்தது. ஆனால் ஸ்டீராய்டு மாத்திரையால் கன்னம் உருண்டது, தூக்கம் போனது. “ஸ்டீராய்டா? தொடவே கூடாது!” என்றார் பெரியப்பா. மச்சான் நிறுத்திவிட்டார். விரைவிலேயே வயிறுவரை வீங்கி, மூச்சு வாங்க, மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தார்.

“யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?”

“எங்க பெரியப்பா சொன்னாரு, டாக்டர்.”

“அவர் என்ன டாக்டர்?”

“லாரி வச்சிருக்காரு.”

“அப்ப லாரி ரிப்பேரானா என்கிட்ட அனுப்பச் சொல்லுங்க. இதைத் திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. குறைக்கணும்னா நான்தான் கொஞ்சம் கொஞ்சமா குறைப்பேன்.”

என் மனைவி அண்ணனின் காலை அழுத்திப் பார்த்தாள். விரல் பட்ட குழி அப்படியே நின்றது. அவள் அழுதாள். நான் அந்தக் குழிக்கு உவமை தேடினேன். (கிடைக்கவில்லை.)

4

முடிவு ஒன்று: மச்சான் இறக்கிறார். “கனமா இருக்கும்” என்றார் என் கதைகளைப் போடும் பதிப்பாசிரியர். எழுதினேன். மச்சான் படித்துவிட்டார்.

“மாப்ள, வாயைக் கட்டி உயிரைப் பிடிச்சு வச்சிருக்கேன். உன் கதைக்காக நான் சாகணுமா?”

“கதைதானே, மச்சான்...”

“அப்ப நீ செத்துப் போ. கதைதானே.”

முடிவு இரண்டு: முழுதாகக் குணமாகிறார். மருத்துவரே அந்த உறுதியைத் தரவில்லை; திரும்பவும் வரலாம் என்கிறார். நான் யார் தர?

இப்போதைக்குப் புரதம் ஒழுகுவது குறைந்திருக்கிறது. ஸ்டூடியோ திறந்துவிட்டது. இதற்குமேல் எனக்குத் தெரியாது. முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவரைச் சாகடிப்பதாக இருந்தால் மட்டும் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். மாத்திரையால் அவருக்குக் கோபம் கொஞ்சம் அதிகம்.