நாற்பது பாட்டில் நல்ல தண்ணீர்

கடிதம் மரியாதையாகத்தான் தொடங்கியது. உங்கள் கட்டுரையைப் படித்து மிகவும் மகிழ்ந்தோம் என்று ஒரு வரி. அடுத்த வரியிலேயே காலை வாரிவிட்டது. அடிஸ் அபாபாவிலிருந்து எழுதியிருந்த ஆராய்ச்சியாளர், கட்டுரையில் சொன்னபடியே எலும்புக்கரி வாளி செய்து பார்த்தாராம். பதினோராவது வாரத்தில் வாளி வேலையை நிறுத்திவிட்டதாம். "உங்கள் வாளியோ பதினாலு மாதம் உழைக்கிறது. நாற்பது வீட்டிலும் ஒரே மாதிரி உழைக்கிறது. இங்கே இரண்டு வாளிகள்கூட ஒத்துப்போவதில்லை. அந்தத் தண்ணீரில் மற்ற உப்புகளையும் அளந்து பார்த்தீர்களா?"

டாக்டர் அய்காருவா பாலாங்யோ அதை மூன்று தடவை படித்தாள். பொறாமை என்றுதான் முதலில் நினைத்தாள். அவள் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

மேரு மலையடிவாரத்துக் கிணறுகளில் ஃபுளோரைடு ஏகத்துக்கு இருக்கிறது. குடித்து வளரும் பிள்ளைகளுக்குப் பல் பழுப்பாகும். சிலருக்குக் கால் எலும்பே வளைந்துவிடும். அய்காருவாவுக்கே முன்பல் நாலும் பழுப்பு. சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போய்விடும். மாட்டெலும்பைச் சுட்டுக் கரியாக்கி, அதன் வழியாகத் தண்ணீரை வடித்தால் ஃபுளோரைடு பிடிபடும் என்பது பழைய சங்கதி. மூன்று மாதத்தில் அந்தக் கரி செத்துவிடும் என்பதும் பழைய சங்கதிதான். அய்காருவா அதோடு முட்டை ஓட்டையும் சுட்டுச் சேர்த்தாள். தன் சொந்த ஊரான லெங்கிலோரியில் நாற்பது வீடுகளுக்கு வாளி கொடுத்து, மாதாமாதம் தண்ணீரை வாங்கி அளந்தாள். பதினாலு மாதமும் ஃபுளோரைடு தலைதூக்கவே இல்லை. கட்டுரை வெளிவந்தது. பாராட்டு வந்தது. முதுநிலை விரிவுரையாளர் பதவி வாசல்வரை வந்து நின்றது. வரும் வியாழக்கிழமை மாவட்டக் கூட்டத்தில் அவள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், பத்தொன்பது கிராமங்களுக்கு ஆறாயிரம் வாளிகள் போய்விடும்.

அன்று திங்கட்கிழமை.

உப்பு அளக்கும் கருவி ஒரு பேனா அளவுதான் இருக்கும். தண்ணீரில் முக்கினால் எண் காட்டும். எலும்புக்கரி ஃபுளோரைடைப் பிடிக்குமே தவிர உப்பைத் தொடாது. லெங்கிலோரிக் கிணற்றில் உப்பு ஆயிரத்து நூறு காட்டும் என்றால், வாளியில் வடித்த பிறகும் ஏறக்குறைய அதையேதான் காட்ட வேண்டும். இது முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கே தெரியும். தெரிந்திருந்தும் அவள் ஒரு தடவைகூட அளக்கவில்லை. ஃபுளோரைடு எண் அவ்வளவு அழகாக வந்துகொண்டிருந்தது, வேறு எதையும் பார்க்க மனசு வரவில்லை.

குளிர்ப்பெட்டியைத் திறந்து போன மாதத்து பாட்டில்களை எடுத்தாள். முதல் பாட்டில் எண்பத்தாறு காட்டியது. பேனாதான் கெட்டுப்போயிற்று என்று உதறிப் பார்த்தாள். இரண்டாவது எண்பத்தைந்து. மூன்றாவது எண்பத்தாறு. பத்தாவது பாட்டிலை அவசரமாகத் திறந்ததில் தண்ணீர் மேஜையில் சிந்தியது. இது வடித்த தண்ணீரே இல்லை. லெங்கிலோரித் தண்ணீர்கூட இல்லை.

மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய், தேவாலய வழிபாடு முடிந்ததும் பாட்டில்களை வாங்கி வருகிறவர் ஆய்வக உதவியாளர் காட்லிசன் ம்பிசே. அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பாட்டிலில் தேதி எழுதுவதைக்கூட அளவுகோல் வைத்து எழுதுகிற மனிதர். அவரைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தினாள்.

"அண்ணே, ஊருக்குப் போனீங்களா இல்லையா?"

"எப்ப?"

"எப்பவாவது."

காட்லிசன் மேஜையில் சிந்தியிருந்த தண்ணீரையும் அவள் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "என்ன கேக்குறீங்கன்னு புரியலை டாக்டர்."

"இந்த பாட்டில்ல இருக்கறது நம்ம ஊர்த் தண்ணி இல்ல. எங்க புடிச்சீங்க? வழியில ஏதாவது குழாய்லயா? அலுப்பா இருந்துச்சுன்னா எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே. என் பேரு அச்சுல ஏறியிருக்கு. எல்லாம் போச்சு."

அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளை இன்னும் உறுத்தியது. சட்டைப்பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து மேஜையில் வைத்தார்.

"பதினாலு மாசம் பாட்டிலைக் குழந்தை மாதிரி மடியில வெச்சுக்கிட்டு வந்திருக்கேன். திருடன்னு சொல்றதுன்னா நாளைக்கு அந்த ஊருக்கே வந்து, அவங்க முன்னாடி வெச்சுச் சொல்லுங்க. நானே வண்டி ஓட்டுறேன்."

மறுநாள் காலை அவர் வண்டி ஓட்ட, இரண்டு மணி நேரத்தில் ஊர் வந்து சேர்ந்தார்கள்.

முதல் வீடு ஃபுராஹாவின் அம்மாவுடையது. அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு, ஆனால் கடைக்குட்டி பிறந்த நாளோடு ஊர் அதை மறந்துவிட்டது. தேவாலயப் பெண்கள் குழுவுக்கு அவள்தான் தலைவி. வாயும் அதற்கேற்ற வாய். வாசலில் அய்காருவா, உள்ளே வரலாமா என்று கேட்கும் "ஹோடி" குரல் கொடுத்ததும், மாவுக் கையை இடுப்பில் சுற்றியிருந்த கங்காத் துணியில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"அடடே, வாளியோட குடும்பம் நடத்துறவளா? வா மகளே, உக்காரு. காட்லிசன், உங்க மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது? பொண்டாட்டி அடிச்சாளா?" என்றவள், சட்டென்று எதையோ நினைத்துக்கொண்டு கவலைப்பட்டாள். "ஆனா இன்னிக்குச் செவ்வாய்தானே? தண்ணி ஞாயித்துக்கிழமைல்ல தரணும்? நாங்க இன்னும் மேல ஏறவே இல்லையே. ஒரே ஒரு பாட்டில்தான் இருக்கு."

"மேலன்னா எங்க?"

"ஊத்துக்குத்தான். காட்டுக்குள்ள இருக்கே, அதுக்கு."

காட்லிசன் தலையை நிமிர்த்தினார். அய்காருவாவுக்குத் தான் காதில் கேட்டதை மறுபடி கேட்கப் பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டாள்.

"நான் வாளியில வடிச்ச தண்ணியைத்தானே கேட்டேன்?"

"கேட்ட. அதுக்காக அதையே குடுத்து விட்ருவோமா?" ஃபுராஹாவின் அம்மா பெருமையோடு உட்கார்ந்துகொண்டாள். "வாளி குடுத்த அன்னிக்கு தேவாலய வாசல்ல எல்லாரும் பாக்க ஒரு டம்ளர் குடிச்சுக் காட்டுனியே, ஞாபகம் இருக்கா? சிரிச்சுக்கிட்டேதான் குடிச்ச. ஆனா தொண்டை உள்ள விடமாட்டேன்னுச்சு. எங்க கண்ணு என்ன குருடா? எலும்பு நாத்தம். எங்களுக்குத் தலை குனிஞ்சு போச்சு. மறுமாசம் காட்லிசன் வந்து, டாக்டருக்கு வீட்டுக்கு ஒரு பாட்டில் தண்ணி வேணும்னு நிக்கிறார். நாப்பது பாட்டில். சரி, மாசம் பூரா நம்ம பொண்ணு குடிக்கிறதுக்குன்னு நெனச்சோம். தண்ணி கேட்டு வந்தவங்களுக்கு நாத்தத் தண்ணியா குடுப்பாங்க? அதுவும் இந்த ஊர்ல பொறந்தவளுக்கு?"

முறை வைத்துக்கொண்டு ஐந்து ஐந்து பெண்களாக, சனிக்கிழமை விடிகாலையில் மலையேறினார்களாம். ஏற இரண்டரை மணி நேரம், இறங்க இரண்டு. காட்டுக் காவலாளியைக் கெஞ்சி, இரண்டு கேனில் ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து முதுகில் கட்டி இறங்கி, தேவாலய முற்றத்தில் வைத்து நாற்பது பாட்டில்களிலும் பிரித்து ஊற்றினார்களாம். ஒரு தடவை மழையில் ஒருத்தி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாளாம். அந்த மாதமும் பாட்டில் குறையவில்லை.

நாற்பது வீட்டு எண்களும் ஏன் ஒரே மாதிரி இருந்தன என்பது அய்காருவாவுக்கு இப்போது தெரிந்தது. எல்லாம் அதே இரண்டு கேன்.

"குளிர்ச்சியா இருந்துச்சா?" என்று கேட்டாள் ஃபுராஹாவின் அம்மா.

அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டையும் அய்காருவா குடித்ததில்லை. மூன்று சொட்டு அளந்துவிட்டு, அடுத்த மாதத்து பாட்டில் வந்ததும் மீதியை ஆய்வகத் தொட்டியில் கொட்டியிருந்தாள். தண்ணீர் எதற்கு என்று இந்தப் பெண்களிடம் ஒரு வார்த்தை சொல்ல அவளுக்குத் தோன்றவே இல்லை. விஞ்ஞானம் படித்த வாய், இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லச் சோம்பியிருந்தது.

"அண்ணே," என்றாள், காட்லிசனைப் பார்க்காமல். "நான் சொன்னது மகா தப்பு. மன்னிச்சிருங்க."

"அது அப்புறம்," என்றார் அவர். "முதல்ல வாளியைப் பாருங்க."

பையில் ஒரு சின்னச் சோதனைப் பெட்டி இருந்தது. அதிலிருக்கும் சிவப்பு மருந்தைத் தண்ணீரில் விட்டால், தண்ணீர் நல்லதாக இருந்தால் சிவப்பு அப்படியே நிற்கும். ஃபுளோரைடு இருந்தால் வெளுத்து மஞ்சளாகிவிடும். அய்காருவா இரண்டு டம்ளர் கேட்டாள். ஒன்றில் மீந்திருந்த பாட்டிலிலிருந்து ஊற்றுத் தண்ணீர். இன்னொன்றில், மூலையில் சுத்தமாகத் துடைத்து, பூப்போட்ட துணி போர்த்தி வைத்திருந்த வாளியின் குழாயைத் திறந்து பிடித்த தண்ணீர். இரண்டிலும் மருந்தை விட்டாள்.

ஊற்றுத் தண்ணீர் சிவந்தே நின்றது. வாளித் தண்ணீர் கண்ணெதிரே மஞ்சளாகிவிட்டது.

"இது என்ன?" என்றாள் ஃபுராஹாவின் அம்மா.

"உங்க கிணத்துத் தண்ணி."

"கிணத்துல இருந்துதானே வாளியில ஊத்துறோம்."

"ஆமா. ஊத்தினது அப்படியே வெளிய வருது. வாளி செத்துப்போச்சு. வெச்ச மூணாவது மாசத்துலயே செத்திருக்கும்."

அப்போதுதான் ஃபுராஹா உள்ளே வந்தாள். ஐந்து வயது. பள்ளிக்கூடத்துக்கு இன்னும் போகவில்லை. அய்காருவா அவள் நடையைப் பார்த்தாள். முட்டிகள் இரண்டும் வெளிப்பக்கமாக வளைந்திருந்தன. போன வருஷம் இதே பெண் தேவாலய முற்றத்தில் ஆட்டைத் துரத்திக்கொண்டு ஓடியதை அவள் பார்த்திருக்கிறாள். பிள்ளை நேராக மூலைக்குப் போய், தன் டம்ளரை எடுத்து, வாளியின் குழாயைத் திறந்தது.

ஃபுராஹாவின் அம்மா பாய்ந்து டம்ளரைத் தட்டிவிட்டாள். பிள்ளை மிரண்டு நின்றது.

"நான் இவளுக்குக் கிணத்துத் தண்ணியே குடுத்ததில்ல," என்றாள் அவள். குரல் வேறு யாருடையதோபோல் இருந்தது. "பெரியவனுக்குக் கால் வளைஞ்சதைப் பாத்தேன்ல. இவ பொறந்ததுல இருந்து கூரையில மழைத்தண்ணி புடிச்சு, தனிப் பானையில மூடி வெச்சு, இவளுக்கு மட்டும் குடுத்தேன். வறட்சியில நான் பட்டினி கெடந்தாலும் அந்தப் பானையைத் தொட்டதில்ல. நீ வாளி கொண்டு வந்த. நல்ல தண்ணின்னு எல்லார் முன்னாடியும் குடிச்சுக் காட்டுன. அப்புறம்தான் பானையை ஆட்டுக்கு வெச்சேன்."

வெளியே ஆடு கத்தியது.

"நாங்க நாத்தத் தண்ணியையே குடுத்து விட்டிருந்தா, மூணாவது மாசமே உனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

பொய் சொல்லிவிடலாம் என்று அய்காருவாவின் மனசு சொன்னது. ஒரே ஒரு பொய். அந்தத் தாய் இன்று ராத்திரி தூங்குவதற்காக.

"தெரிஞ்சிருக்கும்," என்றாள். "ஆனா அது எதுக்குன்னு நான்தான் உங்ககிட்டச் சொல்லலை. நீங்க குடுத்ததுல தப்பில்ல. கேட்டவ தப்பாக் கேட்டா."

அங்கேயே, மண் தரையில் உட்கார்ந்தபடியே, மாவட்டத் தண்ணீர் அதிகாரிக்குப் போன் போட்டாள். எதிர்முனையில் அவர், வியாழக்கிழமைக்குப் பந்தல்காரனுக்குச் சொல்லியாயிற்று என்று உற்சாகமாக ஆரம்பித்தார்.

"பந்தல் வேண்டாம் சார். நான் கையெழுத்துப் போட மாட்டேன். வாளி வேலை செய்யலை. கட்டுரை தப்பு. இன்னிக்கே எழுதி அதைத் திரும்ப வாங்கிக்கிறேன்."

"டாக்டர், விளையாடுறீங்களா? உங்க பதவி உயர்வே இதைவெச்சுத்தானே?"

"தெரியும் சார். ஆறாயிரம் வீட்டுல மழைத்தண்ணிப் பானையைக் கவுத்துருவாங்க." அவர் என்ன பானை என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டாள்.

காட்லிசன் வண்டியிலிருந்து காலி பாட்டில் பெட்டியைத் தூக்கிவந்து வாசலில் வைத்தார். நாற்பது வீட்டு வாளியிலிருந்தும் தண்ணீர் வேண்டும், எது எப்போது செத்தது என்று கணக்கெடுக்க வேண்டும். ஒரு பாட்டிலை எடுத்து, அளவுகோல் வைத்து இன்றைய தேதியை எழுதி, ஃபுராஹாவின் அம்மாவிடம் நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை.

முதலில் மிச்சமிருந்த ஊற்றுத் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். பிள்ளையின் டம்ளரைக் கழுவி, அதில் பாதி ஊற்றி, ஃபுராஹா குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே குந்தியிருந்தாள். மீதியை மூடி உயரத்தில் வைத்தாள்.

அப்புறம் எழுந்து, காட்லிசன் கையிலிருந்த பாட்டிலை வாங்கி, வாளிக் குழாயில் வைத்து நிரப்பினாள். வழக்கம்போல் வெளிப்புறத்தைக் கங்காவின் நுனியால் துடைத்தாள். மூடியை இறுக்கினாள். வீட்டுக்கு வந்தவளுக்கு இப்படி ஒரு தண்ணீரைக் கொடுப்பது அவள் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் அவளால் கையை நீட்ட முடிந்தது.

அய்காருவா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.