பெயரை மறக்கும் கம்ப்யூட்டர்

மருத்துவமனை ஆய்வகத்துக் கம்ப்யூட்டர் அடிக்கடி தன் பெயரை மறந்துவிடும். பெயர் போனால் ரத்தப் பரிசோதனை முடிவுகள் வார்டுக்குப் போகாமல் நின்றுவிடும். வேலையில் சுணங்கியதை மறைக்க அவளே பெயரை மாற்றுகிறாள் என்று ஆய்வகப் பெண்ணின் தலையில் பழியைப் போட்டு, மேலாளர் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். எதிர்த்துப் பேசாதவள் என்றால் எல்லோருக்கும் இளக்காரம்தானே.

அவள், அந்த மருத்துவமனையின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவனின் மனைவிக்குத் தங்கை. மனம் கேட்காமல் மறுநாள் காலையிலேயே அவன் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தான். பழைய நெட்வொர்க் முகவரியை விட்டுவிட்டு, சர்வரிடம் புதிதாக ஒன்றைக் கேட்கும்படி அதற்குக் கட்டளை கொடுத்தான். முகவரி வந்தது, பெயர் கண்ணெதிரே காணாமல் போனது. முகவரி வாங்குவதற்கான கட்டளைகள் இருக்கும் ஸ்கிரிப்டைத் திறந்தால், உள்ளே இரண்டு வரிகள். சர்வர் பெயர் தராவிட்டால், இருக்கிற பெயரையும் அழித்துவிடு என்றன. என்ன புத்திசாலித்தனம்! மேலாளர் முன்பு இதே நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எழுதியவை.

கை துறுதுறுத்தது. இரண்டையும் அழித்து, சேமித்து, சோதித்துப் பார்த்தான். பெயர் ஆணி அடித்ததுபோல் நின்றது. அந்த உற்சாகத்தோடு, தவறு அவருடைய வரிகளில்தான் என்று சொல்ல மேலாளரிடம் ஓடினான்.

"எங்க, காட்டு," என்றார் அவர்.

அழித்த பிறகு காட்ட என்ன இருக்கிறது? வேண்டுமானால் அந்த வரிகளைத் திரும்பப் போட்டுக் காட்டுகிறேன் என்றான்.

"நீயே எழுதி வச்சுட்டு என் மேல போடுவியா? உன் மச்சினிதானே அவ? அவ இருந்தவரைக்கும் தகராறு, போனதும் சரியாயிடுச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

சும்மா இருந்திருந்தால் சாயங்காலத்துக்குள் அவள் இல்லாமலே பெயர் தானாகப் போயிருக்கும், ஊரே பார்த்திருக்கும். தன் கையாலேயே கெடுத்துக்கொண்டோமே என்று நொந்துகொண்டான்.

வீட்டுக்கு வந்ததும், அங்கே காத்திருந்த மச்சினி எழுந்து நின்றாள். "கண்டுபிடிச்சீங்களா மாமா?"

நடந்ததைச் சொன்னான்.

"திரும்பக் கெடுத்துடுங்க," என்றாள் அவள்.

"வார்டுல ஆளுங்க படுத்திருக்காங்கம்மா. ரிப்போர்ட் போகாது."

"எனக்குத் தெரியாதா?" என்றாள். "இத்தனை நாளா பெயர் போனப்பல்லாம் பேப்பர்ல எழுதி, மாடிக்கு ஓடி ஓடிக் கொடுத்தது நான்தான் மாமா."