உள்ளே உருண்ட குச்சி

ஜோயல் ராணுவ விடுப்பு முடிந்து லடாக்குக்குத் திரும்பும் நாளில்தான் வயலின் கூரியரில் வந்து சேர்ந்தது. கிறிஸ்துமஸுக்குத் தங்கை பியூலா சொந்தமாக ஒரு பாட்டுக் கட்டியிருந்தாள். அப்போது அவன் பனிக்குள் இருந்தான், கேட்டதில்லை. சாயங்கால ரயிலுக்குள் அதன் முதல் இரண்டு வரிகளையாவது வாசித்துக் காட்டிவிட வேண்டும் என்று அவளுக்கு. அதற்காகவே பல நாளாக மர ஸ்கேலைத் தோளில் சாய்த்து விரல்களை ஓட்டிப் பழகியிருந்தாள். ஸ்கேலில் எல்லாச் சுரமும் சரியாகவே விழுந்தன.

பெட்டியைத் திறந்தபோது கம்பிகள் தொய்ந்து கிடந்தன. அவற்றைத் தாங்கி நிற்க வேண்டிய குதிரை என்ற சின்ன மரத்துண்டு தனியாகத் துணியில் சுற்றியிருந்தது. வயலினைத் தூக்கினாள். அதன் வயிற்றுக்குள் ஏதோ உருண்டது.

"ஏட்டி, உள்ள என்னமோ கெடக்கு," என்றான் ஜோயல். "ஸ்ரீவில்லிபுத்தூர் ஆல்வினுக்கு ஒரு போனப் போடு. சர்ச்சுல வயலின் வாசிக்கிறவன்லா."

"அவன்ட்டயா? கேரல் பாடப் போனப்ப அம்புட்டுப் பேரு முன்னால, 'பியூலாவுக்குக் குதிரைய நிப்பாட்டவே ஒரு வருசம் ஆவும்'னு சிரிச்சான். செத்தாலும் கேக்கமாட்டேன்."

"சரி, அந்தக் குதிரை ஒன்ன ஒதைக்காமப் பாத்துக்கோ."

ஹேர்பின்னை மேல்பலகையின் ஓட்டை வழியாக விட்டுத் துழாவினாள். விரல் நீளத்தில் ஒரு குச்சி வந்து விழுந்தது. பேக்கிங்கில் சேர்ந்துவந்த சக்கை என்று ஜன்னல் படியில் வைத்தாள். குதிரையை நிறுத்திக் கம்பிகளை ஏற்றினாள். போனில் சுருதி காட்டும் ஆப்பின் முள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு வந்தது. கடைசிக் கம்பியை முறுக்கும்போது விறகு பிளப்பதுபோல் ஒரு சத்தம். குதிரையின் வலது காலடியில் பலகை கீறிப் பள்ளமாகியிருந்தது.

அதற்குப் பிறகுதான் ஆல்வினை அழைத்தாள். அவன் சிரிக்கவில்லை.

"அது சக்கை இல்ல பியூலா. மேல்பலகையத் தாங்குற குச்சி. வர்ற வழியில சாஞ்சிருக்கும். காலையிலயே சொல்லியிருந்தா பைக்க எடுத்துட்டு வந்து நட்டுவச்சிருப்பேன்."

ராஜபாளையம் ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றது. ஜோயல் டிரங்குப் பெட்டியை ஏற்றிவிட்டு வாசலில் நின்றான்.

"வாயால பாடு. கேட்டுட்டுப் போறேன்."

"சும்மா பாடுனா நல்லாருக்காதுண்ணே. அடுத்த லீவுக்கு வயலின்லயே வாசிச்சுக் காட்டுறேன்."

"வயலின யாருட்டி கேட்டா?"

அவன் உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பிக்குள்ளிருந்து காதைத் தொட்டுக் காட்டினான். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். ரயில் நகர்ந்தது. அவன் கையைக் காதிலிருந்து உடனே எடுக்கவில்லை.

இரண்டு வரிதான். பாடியிருக்கலாம்.